மூக்கனுக்கு விரித்த புல்

பெரியவருக்கு அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. பால்கனியில், காலை வெயில் படுகிற மூலையில் கிடக்கும். அதில் உட்கார்ந்தால் நாலு மாடிக்குக் கீழே பெரிய சாலை தெரியும். "இவன் கியர் மாத்தற லட்சணத்தைப் பாரு, வண்டியையே பேத்துருவான்" என்று முகம் தெரியாத டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். தொலைதூர பஸ்ஸில் ஸ்டியரிங் பிடித்தே தலை நரைத்த மனிதர். யாரையாவது திட்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

ஒரு நாள் மருமகள் வந்து, "மாமா, கோச்சுக்காதீங்க. உங்க சேரை உள்ள போட்டுக்கலாமா? அந்த இடத்துல மூக்கனுக்குப் புல்லு போடணும்" என்றாள்.

"புல்லா? அது என்ன மாடா?"

"திங்கறதுக்கில்ல மாமா. ஒண்ணுக்குப் போறதுக்கு."

பெரியவர் முதலில் சிரித்தார். அப்புறம் அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. நாற்காலி ஹாலுக்கு வந்தது, அவர் படுக்கிற திவானுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் எதிர்ச் சுவரும் நின்றுபோன கடிகாரமும்தான் தெரிந்தன.

மூக்கன் என்பது நாய்க்குட்டி. முகத்தில் பாதி மூக்குதான். மருமகள் பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றபடி, திறந்த வாய்களுக்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை. கால் வீங்கி வீட்டுக்கு வந்தால் புருஷன் போனை விட்டுத் தலை நிமிர மாட்டான், மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசலுக்கு ஓடிவந்து அவள் செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொள்கிற ஒரே ஆள் மூக்கன். "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறவர்களிடம் போனில் அதன் படத்தைக் காட்டுவாள். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

கட்டடத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி மண் கிடையாது, எல்லாம் சிமென்ட். லிப்ட் நாலு நாள் ஓடினால் நாலு நாள் படுக்கும். புருஷன் பெண்டாட்டி இருவரும் விடிந்ததும் ஓடுகிறவர்கள். நாயை யார் கீழே கூட்டிப்போவது? அதனால்தான் பால்கனிக்கு அந்தத் தட்டு வந்தது. அடியில் பிளாஸ்டிக், மேலே பச்சைப் பசேல் என்று பொய்ப்புல், மூத்திரம் வடிய ஓரத்தில் ஓட்டை. பார்த்தால் பாயை விரித்துப் படுத்துவிடலாம் போல இருந்தது.

அதைப் பழக்க ஓர் ஆள் வந்தான். நாய் வாத்தியார் என்று பெரியவர் அவனுக்குப் பேர் வைத்தார். வாத்தியார் மூக்கனைப் புல் மேல் விட்டு, மருமகளுக்குப் பாடம் எடுத்தான்.

"தூங்கி எழுந்ததும் கொண்டாந்து விடுங்க. தின்னதும் விடுங்க. சரியாப் பண்ணிட்டா அந்த நிமிஷமே ஒரு பிஸ்கட். தப்பாப் பண்ணிட்டா திட்டக் கூடாது, அடிக்கவே கூடாது. வாயைத் திறக்காம தொடச்சு எடுத்துருங்க."

"அப்புறம் எப்படித் தெரியும் அதுக்கு?"

"தொடச்ச துணியக் கொண்டாந்து இந்தப் புல்லு மேல தேய்ங்க. தன் வாடை எங்க அடிக்குதோ அதுதான் தன் இடம்னு நெனச்சுக்கும். அப்புறம் ஒரு வார்த்தை வச்சுக்கங்க. தினம் அதே வார்த்தை, மெதுவா, பாசமா. அந்த வார்த்தை காதுல விழுந்தாலே அதுக்கு வந்துரணும்."

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் மூக்கன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையைக் கேட்கிற மாதிரி, "ஆச்சா?" என்றாள்.

"ஆங், அது போதும்" என்றான் வாத்தியார்.

உள்ளேயிருந்து பெரியவர் சொன்னார்: "எங்க டிப்போல எங்களுக்கு இப்படி ஒரு வாத்தியார் இல்லாமப் போயிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிப்புக்குச் சொல்லவில்லை. பின்னால் ஒரு வண்டி ஜனம் உட்கார்ந்திருக்கும்போது டிரைவர் நினைத்த இடத்தில் ஓரம் கட்ட முடியுமா? அடுத்த நிறுத்தம், அதற்கடுத்த நிறுத்தம் என்று அடக்கி அடக்கியே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். "அண்ணனுக்கு அடிவயித்துல இரும்பு டேங்க்" என்பார்கள் கண்டக்டர்கள். அந்த டேங்க் இப்போது ஓட்டையாகிவிட்டது. வந்தது என்று தெரிவதற்குள் வந்துவிடுகிறது. உடம்புக்குச் செய்ததையெல்லாம் உடம்பு ஒரு நாள் திருப்பிக் கேட்கிறது, வேறென்ன.

முதலில் மூத்த மகன் வீட்டில்தான் இருந்தார். அங்கே மெத்தை நனைந்தது. பேரப்பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின. மூத்த மருமகள் மெத்தைக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டாள். புரண்டால் சரசரவென்று வீட்டுக்கே கேட்கும். அப்புறம் ஒரு நாள் மூத்தவன், "முதியோர் இல்லத்துல இடம் இருக்கான்னு விசாரிச்சிருக்கேன்ப்பா" என்றான். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு இளையவன் வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் வந்தார் என்று இங்கே சொல்லவில்லை. இதுதான் கடைசி நிறுத்தம், இங்கேயும் தெரிந்துவிட்டால் இல்லம்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் உஷாராக இருந்தார். தண்ணீரைக் குறைத்தார். நனைந்த லுங்கியைத் தானே அலசித் தானே காயப்போட்டார். மருமகள் அதைப் பெருமையாகப் பக்கத்து வீட்டில் சொல்வாள். "எங்க மாமா தன் துணியை இன்னொருத்தரைத் தொட விட மாட்டாரு!" காதில் விழும்போதெல்லாம் பெரியவருக்கு உடம்பு கூசும்.

வீட்டில் ஒரே பாத்ரூம். காலையில் மகன் உள்ளே போனால் போனவன்தான், பின்னாலேயே மருமகள். கதவைத் தட்ட அவருக்கு வாய் வராது, கை வராது. அப்படி ஒரு காலையில் திவானிலிருந்து எழுந்து இரண்டு எட்டு வைத்ததும், கால்மிதி மேலேயே போய்விட்டது. லுங்கியைச் சுருட்டிக்கொண்டு நின்றவர் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். அதற்குள் மூக்கன் வந்து கால்மிதியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஈரத் தலையோடு மருமகள் வெளியே வந்தாள்.

"அய்யய்யோ மூக்கா! நேத்து வரைக்கும் சமத்தா போயிட்டிருந்தியேடா!"

நாயை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. பழி தானாக வந்து அதன் தலையில் உட்கார்ந்தது. பெரியவர் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவள் திட்டாமல், அடிக்காமல், வாத்தியார் சொன்னபடி துணியால் ஒற்றி எடுத்து, பால்கனிக்குக் கொண்டுபோய்ப் புல் மேல் நன்றாகத் தேய்த்தாள்.

அன்று சாயங்காலம் மூக்கனைப் புல்லில் விட்டபோது அது மோந்து பார்த்தது, பின்னால் நகர்ந்தது, வாலைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "ஆச்சா? ஆச்சாடா கண்ணா?" என்று அவள் கெஞ்சினாள். அது அவள் முகத்தைப் பார்த்து முனகியது. உள்ளே விட்டதும் அடுப்படிக்கு ஓடி, சாக்கு மேல் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தது.

அடுத்த தடவை திவான் ஓரத்தில் தரை நனைந்தபோது பெரியவருக்கு நாக்கு சுலபமாகப் புரண்டது. "இங்க வந்து பாரும்மா, உன் புள்ள பண்ணி வச்சிருக்கிற வேலையை!" என்று அவரே குரல் கொடுத்தார். கொடுத்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. பொய்க்கு முதல் நாள்தானே கூச்சம்?

அவள் துடைக்கத் துடைக்க, துணி புல்லுக்குப் போகப் போக, மூக்கன் பால்கனிப் பக்கமே போக மறுத்தது. சாக்கில் போயிற்று. செருப்பில் போயிற்று. மகனுடைய ஆபீஸ் பையில் ஒரு நாள் போனபோது அவன் வீட்டையே இரண்டாக்கிவிட்டான்.

"நாய் வாங்குனியா, நாத்தம் வாங்குனியா? மனுஷன் குடியிருக்கிற வீடா இது?"

"கத்தாதீங்க, அது பயந்துக்கும்."

"அது பயந்துக்குமாம்! நான் இந்தப் பையைத் தூக்கிட்டு ஆபீஸ் போனா நாலு பேரு பயந்துக்குவான்!"

கீழ் மாடியில் வீட்டுக்காரம்மா இருந்தாள். வாடகைக்கு விடும்போதே மூக்கைச் சுளித்தவள். ஒரு நாள் படியேறி வந்து, ஹாலுக்கு நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். திவான் பக்கம்தான் அவள் மூக்கு போயிற்று. பெரியவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள நாய் போகணும். இல்லாட்டி நீங்க எல்லாரும் போகணும். நல்லபடியா சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மருமகள் அழவில்லை. வாத்தியாரைத் திரும்ப வரவழைத்தாள். அவன் வந்து மூக்கனைத் தூக்கிப் புல் மேல் வைத்தான். அது நான்கு காலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு நடுங்கியது. வாத்தியார் மண்டியிட்டு, புல்லுக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் மோந்தான். நெற்றி சுருங்கியது.

"இந்த வீட்டுல வேற நாய் ஏதாவது இருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"இது குட்டியோட வாடை இல்ல. வேற ஏதோ பெருசா ஒண்ணு இங்க போயிட்டிருக்கு. இது பெரியவங்க இடம், நமக்கில்லைன்னு குட்டி ஒதுங்குது. தைரியமான நாயா இருந்தா மேலயே அடிச்சுட்டுப் போயிருக்கும். இது பயந்த சுபாவம், மரியாதை தெரிஞ்ச நாய்."

"ஹால்ல நனைஞ்சதைத் தொடச்ச துணியைத்தானே தேய்ச்சேன்..." என்று ஆரம்பித்த மருமகள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஹாலில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று. கத்தவும் முடியாது, துள்ளவும் முடியாது. அவள் திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்று பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

வாத்தியார் போன பிறகு அவள் புல்லைத் தூக்கிப்போய், வினிகர் ஊற்றி, கை சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டாள். அன்றிலிருந்து ஹாலில் துடைத்த துணி புல்லுக்குப் போகவில்லை. நேரே பக்கெட்டுக்குப் போயிற்று. பெரியவர் அதையும் பார்த்தார். தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் அல்லவா, அந்தக் கணக்கு.

மறுநாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் நகராமல் நின்றாள்.

"மாமா, காலைல பாத்ரூம் போகணும்னா சும்மா தட்டுங்க. நான் உடனே வெளிய வந்துருவேன். அவரையும் வரச் சொல்றேன்."

"எனக்கென்னம்மா அவசரம்? நான் அடக்கிக்குவேன். டிரைவர் ஒடம்பு இது" என்றார் பெரியவர், கொஞ்சம் உரக்கவே.

"வயசாச்சுன்னா எல்லாருக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் மாமா. எங்க க்ளினிக்குக்கு வர்றவங்கள்லாம் சொல்லுவாங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"எனக்கு ஒண்ணும் முன்னப்பின்ன இல்ல!"

அவள் டம்ளர் மூடியைச் சரி செய்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். "சரிங்க மாமா" என்று போய்விட்டாள்.

அய்யோ, அந்த ஒரு நிமிஷத்தில் வாயைத் திறந்திருக்கலாமே மனிதர்! கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாளே! ஆனால் அவர் காதில் அந்த நேரம் சரசரவென்று பிளாஸ்டிக் ஷீட்தான் கேட்டது.

மாசக் கடைசி வந்தது. அன்று காலை மருமகள் தூங்கி எழுந்த மூக்கனைத் தூக்கிவந்து நேரே புல்லில் விட்டாள். அது மோந்தது. ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றியது.

"ஆச்சா?" என்றாள் அவள், மூச்சை அடக்கிக்கொண்டு.

மூக்கன் நடுப்புல்லில் உட்கார்ந்து ஒன்றுக்குப் போயிற்று. போய்விட்டு, தான் செய்ததைத் தானே நம்ப முடியாமல் அவளிடம் பாய்ந்து வந்தது. அவள் பிஸ்கட்டைக் கொடுத்து, அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஏங்க! இங்க வாங்க! மூக்கன் போயிட்டாங்க! புல்லுலயே போயிட்டாங்க!" என்று கூவினாள்.

மகன் வேகமாக வந்தான். பால்கனி வரைக்கும் போகவில்லை. ஹாலிலேயே கால் வழுக்கித் திவானைப் பிடித்துக்கொண்டான். குனிந்து பார்த்தான். தரையில் ஈரம்.

"புல்லுலயும் போகுது, ஹால்லயும் போகுது. ரொம்ப நல்லாப் பழக்கியிருக்கே."

மருமகள் மூக்கனை இறக்காமலே வந்து நின்றாள். ஈரத்தைப் பார்த்தாள். நாயின் கால் அன்று இன்னும் ஹால் தரையில் படவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். நாற்காலியில் இருந்த பெரியவருக்கும் தெரியும். அவர் மடியில் துண்டு கிடந்தது. அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிச்சை கேட்கிற பார்வை அது.

"சொல்லுங்கப்பா" என்றான் மகன். "நாள் முழுக்க வீட்டுல இருக்கறவர் நீங்கதான். இது திருந்துமா?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். ஒரு சொல் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வந்து, அங்கேயே நின்று, வேறாக மாறி வெளியே விழுந்தது.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும் அது புத்தி எங்கடா போகும்? அனுப்பிச்சுரு."

மருமகள் நாயின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூக்கன் அவள் காதை நக்கியது. தான் சமத்தாக இருந்ததற்கு இன்னொரு பிஸ்கட் வரும் என்று அதற்கு நினைப்பு.

அன்று மத்தியானமே பழைய சாமான் கிடங்கு வைத்திருக்கிற ஒருத்தர் வேனில் வந்து அதை ஏற்றிக்கொண்டு போனார். காவலுக்கு வேண்டுமாம். அந்த மூக்கைப் பார்த்து எந்தத் திருடன் பயப்படுவான் என்று யாரும் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் தனியாகக் கிடங்குக்குப் போனாள். மகன் கூட்டாளிகளோடு வெளியே போயிருந்தான். பெரியவர் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தார். விழித்தபோது திவான் விரிப்பு நனைந்திருந்தது. அவசர அவசரமாக எழுந்து விரிப்பை உருவிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. மருமகள் செருப்போடு வாசலில் நின்றாள்.

வீட்டில் நாய் இல்லை. சொல்ல வேறு பேரும் இல்லை.

அவள் செருப்பைக் கழற்றினாள். பையை மாட்டினாள். உள்ளே போய்ப் பழைய துணியை எடுத்துவந்து, மண்டி போட்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். திட்டவில்லை. ஒரு சத்தம் போட்டாள் என்றால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மூக்கனைப் பாத்துட்டு வந்தேன்" என்றாள், தரையைப் பார்த்தபடியே. "மண்ணுல போக மாட்டேங்குதாம். சங்கிலியை இழுத்துக்கிட்டு அழுவுதாம். அங்க சாமானை மூடி வைக்கப் பச்சைத் தார்ப்பாய் விரிச்சிருக்காங்க. பச்சையைப் பாத்ததும் அதுமேல போய் ஒக்காந்து போயிடுதாம். போயிட்டு பிஸ்கட்டுக்கு ஓடி வருதாம் மாமா."

பெரியவர் விரிப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அடிக்கிறாங்க. துருப்புடிச்ச கம்பியால அடிச்ச தடம் இருக்கு முதுகுல. ஏன் அடிக்கிறாங்கன்னு அதுக்குப் புரியல. சரியாத்தானே பண்றோம்னு என் மூஞ்சியைப் பாக்குது."

"திருப்பிக் கூட்டிட்டு வந்துரலாம்மா" என்றார் அவர்.

"வீட்டுக்காரம்மா விட மாட்டாங்க. உங்க புள்ளையும் விட மாட்டாரு." துணியைத் திருப்பிப் பிடித்தாள். "வாத்தியார் வேற நாய் இருக்கான்னு கேட்டாருல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா."

பெரியவர் விரிப்பைக் கீழே விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சும் நீ ஏம்மா சொல்லல?"

"நான் எப்படிச் சொல்லுவேன்? நாயைக் காப்பாத்த மாமனார் மேல பழியைப் போட்டாள்னு ஊரே என்னைப் பேசும். உங்க புள்ளையே என்னை நம்ப மாட்டாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். தினமும் பாத்தேன். கடைசி நாள் வரைக்கும் பாத்தேன். அந்த வாயில்லா ஜீவனுக்காக ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"சொன்னா என்னை இல்லத்துல கொண்டுபோய் விட்டுருவீங்கன்னு..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கிழட்டு அழுகை, சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் காய்ந்திருந்தது.

"விட்டிருக்க மாட்டேன். இப்பவும் விட மாட்டேன், பயப்படாதீங்க. உங்களையும் அனுப்பிட்டா, அப்புறம் மூக்கன் எதுக்குப் போச்சு?"

துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பக்கெட்டுப் பக்கம் போகிறவள் வழியில் நின்றாள். பிறகு பால்கனிக்குப் போனாள். அந்தப் புல் இன்னும் அங்கேதான் கிடந்தது. அதை எடுத்துப் போட யாருக்கும் மனம் வரவில்லை. அவள் குனிந்து, அந்தத் துணியைப் புல்லின் மேல் விரித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல மகன் பாத்ரூமுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். பெரியவர் ஹாலில் தொடையை இடுக்கிக்கொண்டு நின்றார். தட்டலாமா என்று கை எழுந்தது, இறங்கியது. அடுப்படியிலிருந்து வந்த மருமகள் அவரைப் பார்த்தாள். பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் வெளியே போனதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, உள்ளே திரும்பி நின்றுகொண்டாள்.

காலுக்குக் கீழே புல் சொரசொரவென்று குத்தியது. அவருடைய பழைய மூலைதான், அதே வெயில்தான். கீழே சாலையில் ஒரு பஸ் வளைவில் கன்னாபின்னாவென்று திரும்பியது. அவர் அந்த டிரைவரை ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரவில்லை. இவ்வளவு நேரம் முட்டிக்கொண்டிருந்தது இப்போது வரவில்லை.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. கோபமில்லாமல், மெதுவாக, தினமும் கேட்ட அதே குரல்.

"ஆச்சா?"

பெரியவருக்கு உடனே வந்துவிட்டது. பச்சையெல்லாம் நனைந்து, ஓரத்து ஓட்டை வழியாக வடிந்து முடிகிற வரைக்கும் அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சும்மா" என்றார்.